ஆபரேட்டர் அறையிலிருந்து: காலில் குத்திய கண்ணாடி

(திருநெல்வேலிப் பக்கம் ஒரு திரையரங்கில் 31 வருடம் படம் ஓட்டி ஓய்வு பெற்றவர், வாசகர்களின் சினிமாக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

அண்ணாச்சி, போன மாதம் ஒரு அதிரடிப் படத்தின் இரண்டாம் பாகத்துக்குக் குடும்பத்தோடு போய் ஆயிரத்து இருநூறு ரூபாய் தண்டம் அழுதேன். முதல் பாகத்தை ஆறு தடவை பார்த்தவன் நான். இதில் கார் அதிகம், வெடி அதிகம், வெளிநாடு அதிகம். ஆனால் பக்கத்து சீட்டில் என் மைத்துனர் குறட்டை விட்டார். இவ்வளவு காசைக் கொட்டியும் ஏன் இப்படி ஆகிறது?
– கோவில்பட்டி வாசகர்

மைத்துனரைத் திட்டாதீர்கள். வெடிச் சத்தம் விடாமல் கேட்டால் அது மழைச் சத்தம் மாதிரிதான், சுகமாகத் தூக்கம் வரும். நானே புரொஜெக்டர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தபடி தூங்கியிருக்கிறேன். ரீல் தீரப்போகும்போது அது சுற்றும் சத்தம் மாறும், அதில்தான் முழிப்பு வரும்.

ஆபரேட்டர் அறைச் சுவரில் சதுர ஓட்டைகள் இருக்கும். ஒன்றின் வழியாக வெளிச்சம் போகும், இன்னொன்றில் நாங்கள் எட்டிப் பார்ப்போம். ஒரே படத்தை நாளைக்கு நாலு காட்சி பார்க்கிறவன் மூன்றாம் நாளிலிருந்து திரையைப் பார்க்க மாட்டான், ஆட்களைத்தான் பார்ப்பான். நான் அப்படிப் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

‘டை ஹார்ட்’ அமெரிக்காவில் 1988-ல் வந்தது. எங்கள் ஊருக்குப் படப் பெட்டி வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, அதுவும் கீறல் விழுந்த பிரதி. வந்த கூட்டத்தில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் தெரியாது. கதை ஒன்றும் பெரிதில்லை. நியூயார்க் போலீஸ்காரன் ஒருவன், லாஸ் ஏஞ்சலீஸில் வேலை பார்க்கும் மனைவியைப் பார்க்கக் கிறிஸ்துமஸுக்கு வருகிறான். விமானத்தில் வந்த அலுப்புக்கு வெறுங்காலோடு கம்பளத்தில் நடந்தால் நல்லது என்று பக்கத்து சீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அவள் ஆபீஸ் கட்டடத்தில் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு நிற்கிறான். அந்த நேரம் பார்த்துக் கொள்ளைக்கூட்டம் உள்ளே நுழைந்துவிடுகிறது. படம் முழுக்க அவனுக்கு வெறுங்கால்தான். வில்லனாக வந்த ஆலன் ரிக்மனுக்கு அதுதான் முதல் சினிமா. அவர் ஒரு கட்டத்தில் இவன் காலைக் கவனித்துவிடுகிறார். உடனே ஆளைச் சுடாமல், சுற்றியிருக்கும் கண்ணாடித் தடுப்புகளைச் சுடச் சொல்கிறார்.

எங்கள் தியேட்டரில் பெஞ்சு டிக்கெட்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவார்கள். கீழே கடலைத் தோலும் பீடித் துண்டும் கிடக்கும். அந்தக் கண்ணாடி நொறுங்கும்போது முன் வரிசைகளில் ஒருவர் விடாமல் காலைத் தூக்கி பெஞ்சு மேல் வைத்துக்கொண்டார்கள். முதல் காட்சியில் பார்த்தபோது ஏதோ பூச்சி ஓடுகிறது என்று நினைத்தேன். அடுத்த காட்சியிலும் அதே இடத்தில் கால்கள் மேலே ஏறின. இரவுக் காட்சிக்கு முதலாளியை மேலே கூட்டி வந்து அந்த ஓட்டை வழியாகக் காட்டினேன். “இதுக்கு எவன்டே வசனம் கேட்டான்” என்றார்.

அப்புறம் படத்தில் நாயகன் கழிவறையில் உட்கார்ந்து பாதத்திலிருந்து ஒவ்வொரு துண்டாகப் பிடுங்குவான். வெளியே நிற்கும் ஒரு சாதாரண போலீஸ்காரரிடம் வாக்கிடாக்கியில், மனைவியிடம் சொல்ல வேண்டிய மன்னிப்பைச் சொல்லி வைப்பான். அங்கே வெடியும் இல்லை, காரும் இல்லை. ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு கால், கொஞ்சம் ரத்தம். அவ்வளவு பேரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள்.

அதே நாயகன் 2007-ல் வந்த நாலாம் பாகத்தில் மேம்பாலத்தில் போர் விமானத்தோடு சண்டை போடுகிறான். 2013-ல் ஐந்தாம் பாகம், மாஸ்கோ. நான் ஓய்வு பெற்றபிறகு டிக்கெட் எடுத்துப் போய் உட்கார்ந்து பார்த்தேன். உயரமான கட்டடத்தின் ஜன்னலிலிருந்து கீழே பாய்கிறான், சாரத்தை உடைத்துக்கொண்டு விழுகிறான், எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு நடக்கிறான். என் வரிசையில் யாரும் காலை அசைக்கவில்லை. ஒரு பையன் போனை எடுத்து மணி பார்த்தான்.

காசு வந்ததும் வாங்க முடிந்ததையெல்லாம் பெருக்கிவிடுகிறார்கள். விமானம் வாங்கலாம், தெருவை வாடகைக்கு எடுக்கலாம், நூறு காரை நொறுக்கலாம். பாதத்தில் ஏறிய கண்ணாடிக்கு என்ன விலை கொடுத்துப் பெரிதாக்குவார்கள்? முதல் படத்துக்கு நட்சத்திரமே கிடையாது. ப்ரூஸ் வில்லிஸ் அப்போது டிவி நடிகர். பகலில் தொடர், ராத்திரியில் இந்தப் படம் என்று ஓடிக் களைத்துப்போனார். அவருக்கு ஓய்வு கொடுப்பதற்காக மற்றவர்களின் காட்சிகளைக் கூட்டி எழுதியதாகப் படத்தில் வேலை செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதில்தான் அந்த வெளியே நிற்கும் போலீஸ்காரர், கீழே சொகுசுக் காரோடு காத்திருக்கும் டிரைவர் எல்லோருக்கும் உயிர் வந்தது. அடுத்தடுத்த பாகங்களில் நாயகன் பெரிய ஆள். அவர் இல்லாத ஃபிரேம் கிடையாது, அவரைத் தவிர வேறு மனிதரும் கிடையாது.

தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்க்கிறேன். ‘ஸ்பீட்’ படம் எனக்கு உயிர். அதன் இரண்டாம் பாகத்தைச் சமீபத்தில்தான் டிவியில் பார்த்தேன். கப்பலை வைத்து இப்படியா எடுப்பார்கள்? நீங்கள் பார்த்ததுண்டா?
– தூத்துக்குடி வாசகர்

பார்த்ததா? ஓட்டினேன் ஐயா. ஐந்து நாள் ஓட்டினேன், ஆறாம் நாள் பெட்டியைக் கட்டி அனுப்பியாகிவிட்டது.

முதல் படம் 1994. பஸ்ஸில் குண்டு. வேகம் மணிக்கு 50 மைலைத் தொட்டதும் குண்டு தயாராகிவிடும், அதற்குக் கீழே இறங்கினால் வெடிக்கும். எங்கள் கூட்டத்துக்கு மைல் கணக்கு தெரியாது, ஆனால் முள் இறங்கினால் ஆபத்து என்பது ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. வளைவு வந்தால் தியேட்டரே ஒரு பக்கம் சாய்ந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டு போய்ப் பழகியவர்கள் இல்லையா! முதலாளிக்கு நல்ல கல்லா.

அந்த நம்பிக்கையில் 1997-ல் இரண்டாம் பாகத்துக்குத் தாவினார். பெட்டி கொடுத்த விநியோகஸ்தர் (பெயர் வேண்டாம், மனிதர் காலமாகிவிட்டார்) சொன்ன ஒரே வாக்கியம்: “அண்ணாச்சி, அது வெறும் பஸ்சு, இது கப்பலு.” முதலாளி முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை நாலு காட்சியும் நிறைந்தது. திங்கட்கிழமை காலைக் காட்சிக்குப் பதினேழு பேர். முதலாளி டி.சி.ஆர். தாளை (அன்றைய வசூல் கணக்கு) மடித்து வெற்றிலைப் பெட்டிக்கு அடியில் செருகிவிட்டு, அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

நீங்கள் துறைமுகத்து ஆள், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கப்பல் வேகமாகப் போகிற சாதனமே இல்லை. அதைவிடப் பெரிய கோளாறு வேறு. பஸ் நின்றால் எல்லோரும் சாவார்கள். கப்பல் நின்றால்? எல்லோரும் பிழைத்துக்கொள்வார்கள்! வில்லன் கப்பலின் கம்ப்யூட்டரைப் பிடித்து எண்ணெய்க் கப்பல் மேல் மோதவிடப் பார்க்கிறான், இவர்கள் அதை நிறுத்தப் பார்க்கிறார்கள். முதல் படத்தின் முடிச்சு என்னவோ அதை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் இரண்டுக்கும் ஒரே இயக்குநர், யான் டி பாண்ட். நான் மேலே சொன்ன ‘டை ஹார்ட்’ முதல் பாகத்துக்கு ஒளிப்பதிவு செய்தவரும் அவர்தான். ஆக, ஆளுக்குத் திறமை இல்லை என்று சொல்லிவிட முடியாது. பஸ் படத்துக்குச் செலவு சுமார் 3 கோடி டாலர், உலக வசூல் சுமார் 35 கோடி. கப்பல் படத்துக்குச் செலவு 11 கோடிக்கும் மேல், வசூல் சுமார் 16 கோடி. கரீபியத் தீவான செயின்ட் மார்ட்டினில் கப்பல் கரையேறி ஊருக்குள் புகும் கடைசிக் காட்சிக்கு மட்டுமே சுமார் 2.5 கோடி டாலர் ஆனதாகச் சொல்வார்கள். கிட்டத்தட்ட முதல் படம் முழுவதற்கும் ஆன காசு! கதாநாயகன் கியானு ரீவ்ஸ் கதையைப் படித்துவிட்டு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார். எங்கள் முதலாளி கதையைக் கேட்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

உங்கள் வாதத்தை ஏற்க முடியாது. ‘டெர்மினேட்டர் 2’ முதல் பாகத்தைவிடப் பல மடங்கு செலவில் எடுத்தது. அது முதல் பாகத்தைவிட நன்றாகத்தானே இருக்கிறது?
– திருச்சியிலிருந்து ஒரு பொறியியல் கல்லூரி மாணவி

சபாஷ் அம்மா. இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். முதல் பாகம் 1984, சுமார் 64 லட்சம் டாலர். இரண்டாவது 1991, சுமார் 10 கோடி. கிட்டத்தட்ட பதினாறு மடங்கு. எங்கள் தியேட்டரில் திரும்பத் திரும்ப ஓட்டி பிரதியே தேய்ந்துபோனது.

ஆனால் ஜேம்ஸ் கேமரூன் என்ன செய்தார் பாருங்கள். முதல் படத்தில் கொலைகார இயந்திரமாக வந்த அர்னால்டைக் காவல்காரனாக்கினார். அதோடு விடவில்லை. காப்பாற்றப்பட வேண்டிய சின்னப் பையன் அந்த இயந்திரத்திடம், யாரையும் கொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிடுகிறான். உலகத்திலேயே பலசாலியான ஆளைக் கையைக் கட்டி சண்டைக்கு அனுப்புகிறார்கள்! எதிரே வருகிறவனோ ஒல்லி, உருகி ஓடிச் சேர்கிற உலோகம். இவர் பழைய மாடல், அடி வாங்கி வாங்கி உடம்பு பிய்ந்துபோகிறது. நான் சொன்ன கண்ணாடித் துண்டு இதிலும் இருக்கிறது, வேறு உருவத்தில்.

அந்த உருகும் உலோகத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். கம்ப்யூட்டர் வரைந்த அந்தக் காட்சிகளைத் தனியே சேர்த்தால் சில நிமிடங்கள்தான் தேறும். காசு அதிகம் இருந்தும் அளந்து போட்டிருக்கிறார். அதற்கு இரண்டு வருடம் முன்பு எடுத்த ‘தி அபிஸ்’ படத்தில், தண்ணீரே ஒரு குழாய் மாதிரி எழுந்து வந்து மனித முகத்தைக் காட்டும் காட்சியில் அந்த வித்தையைப் பழகியும் வைத்திருந்தார். முதல் பாகத்தில் ஓடி ஒளிந்த பெண், இதில் மனநோய் விடுதியில் கட்டிலைத் தூக்கி நிறுத்தி, அதன் சட்டத்தைப் பிடித்துத் தொங்கி உடம்பை மேலே இழுத்துப் பயிற்சி எடுக்கிறாள். இடைப்பட்ட வருடங்களில் அவளுக்குள் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்திருக்கிறார்கள்.

அதற்குப் பின் வந்த பாகங்கள் எதையும் கேமரூன் இயக்கவில்லை. 2019-ல் வந்த பாகத்துக்குத் தயாரிப்பாளர்களில் ஒருவராக இருந்தார். பழைய நாயகியையும் கூட்டி வந்தார்கள். ஆனால் படம் தொடங்கிச் சில நிமிடங்களில், இரண்டாம் பாகம் முழுக்கப் பாடுபட்டுக் காப்பாற்றிய அந்தப் பையனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அன்று அவனுக்காகப் பதறியவன் இன்று காசு கொடுத்து உள்ளே வந்திருக்கிறான், வந்ததும் அவனை முட்டாளாக்கினால்? சுமார் 18 கோடி டாலர் போட்டு, வசூல் 26 கோடிதான் வந்தது. தியேட்டர்காரர்களின் பங்கு போக மிஞ்சுவது போட்டதற்குக் கட்டாது.

‘இந்தியன் 2’ பற்றி ஒரு வார்த்தை?
– அம்பத்தூர் வாசகர்

ஒரு வார்த்தையில் முடியாது. 1996-ல் நாங்கள் ‘இந்தியன்’ ஓட்டியபோது தியேட்டர் அமைதியாகும் இடம் ஒன்று உண்டு. வர்மக் கலை வரும்போது விசில் பறக்கும், அது வேறு. லஞ்சம் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குச் சான்று கொடுத்து, பிள்ளைகள் சாகக் காரணமான சொந்த மகனைத் தகப்பன் கொல்ல வருவான். அங்கே விசில் நின்றுவிடும். கொல்ல வேண்டாம் என்று நினைக்கிற கூட்டமும், கொல்லத்தான் வேண்டும் என்று நினைக்கிற கூட்டமும் ஒரே ஆளுக்குள் இருக்கும்.

28 வருடம் கழித்து 2024 ஜூலையில் இரண்டாம் பாகம். 2019-ல் தொடங்கிய படப்பிடிப்பு. 2020-ல் கிரேன் விழுந்து படக்குழுவில் மூன்று பேர் இறந்தார்கள். நடித்த விவேக்கும் நெடுமுடி வேணுவும் 2021-லேயே போய்விட்டார்கள். அவர்களைத் திரையில் பார்த்தபோது படத்தை விட்டு மனம் எங்கோ போனது. இதையெல்லாம் சொல்லாமல் படத்தை மட்டும் திட்டுவது நியாயமில்லை.

ஆனாலும் சொல்கிறேன். சேனாபதி தாத்தா பேச்சைக் கேட்டு இளைஞர்கள் தங்கள் வீட்டுக்குள்ளேயே லஞ்சத்தைத் தேடி, சொந்த அப்பாவையே பிடித்துக் கொடுக்கிறார்களே, அங்கே ஒரு நல்ல படம் இருந்தது. முதல் பாகத்தில் தகப்பன் செய்ததை இப்போது பிள்ளை செய்கிறான், குடும்பம் சிதறுகிறது. அதில் நின்று பார்க்காமல் ஒற்றைச் சக்கர வண்டித் துரத்தலுக்கு ஓடிவிட்டார்கள். கதையை நீட்டி மூன்றாம் பாகத்துக்கும் பங்கு வைத்ததில், இது பந்தி நடுவில் இலையை எடுத்த மாதிரி முடிந்தது. கடைசியில் மூன்றாம் பாகத்தின் முன்னோட்டத்தைப் போட்டார்கள், அது படத்தைவிட விறுவிறுப்பு.

மூன்று மணி நேரமாக வெளியானதில், சில நாளிலேயே 12 நிமிடத்தை வெட்டினார்கள். பழைய கணக்கில் நிமிடத்துக்கு 90 அடி, ஆக 1,080 அடி. ஃபிலிம் காலத்தில் “இந்த வசனத்திலிருந்து அந்தப் பாட்டு முடிகிற வரைக்கும் தூக்கிடு” என்று தகவல் வரும். பிளேடால் வெட்டி, ஃபிலிம் சிமென்ட் என்கிற பசையைத் தடவி ஒட்டுவோம். வெட்டிய துண்டைப் பையன்கள் கேட்டு வாசலில் நிற்பார்கள், நாயகன் முகம் உள்ள துண்டுக்குத் தனி மவுசு. இப்போது ஒரு பொத்தான். ஆனால் வெட்டி ஒட்டி ஓடிய படத்தை நான் பார்த்ததில்லை, ஃபிலிமிலும் சரி, பொத்தானிலும் சரி.

‘பாகுபலி 2’ மட்டும் ஏன் தப்பித்தது?
– சங்கரன்கோவில் வாசகர்

அது இரண்டாம் பாகமே இல்லை, இடைவேளைக்குப் பிந்திய பாதி. 2015 ஜூலையில் இடைவேளை விட்டார்கள், 2017 ஏப்ரலில் மணி அடித்தார்கள். கட்டப்பா ஏன் குத்தினான் என்று டீக்கடையில் உட்கார்ந்து ஒன்றே முக்கால் வருடம் பேசிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

நன்றாக வராது என்று அவர்களுக்கே தெரியாதா? பிறகு ஏன் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள்?
– தென்காசி வாசகர், பலசரக்குக் கடை

கடை வைத்திருக்கிறீர்கள், நீங்களே யோசியுங்கள். புதுச் சரக்கை விற்க நாலு பேரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். ஓடுகிற பழைய சோப்பின் பெயரில் புது உறை போட்டால் கேட்டு வந்து வாங்குவார்கள். சோப்பில் நுரை வரவில்லை என்பது வீட்டுக்குப் போய்க் குளித்தபிறகுதான் தெரியும், அதற்குள் காசு கல்லாவில் விழுந்துவிட்டது.

கணக்கைப் பாருங்கள். ‘டை ஹார்ட்’ முதல் பாகம் சுமார் 3 கோடி டாலரில் எடுத்து சுமார் 14 கோடி வசூலித்தது. ஐந்தில் மோசம் என்று பெரும்பாலானவர்கள் சொல்லும் ஐந்தாம் பாகம் 9 கோடி சொச்சத்தில் எடுத்து சுமார் 30 கோடி வசூலித்தது. 25 வருட விலைவாசியைக் கழித்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. அந்தப் பெயரில் அதற்குப்பிறகு படம் வரவில்லை என்பது வேறு விஷயம்.

அப்புறம் இன்னொன்று. பெரிய பட்ஜெட் என்றால் வெளியீட்டுத் தேதியை முன்னாடியே குறித்துவிடுகிறார்கள். தேதிக்குள் வெடிக்கிற காட்சி தயாராக வேண்டும், கிராபிக்ஸ் வேலைக்கு மாதக் கணக்கில் ஆகும். அதனால் சண்டையை முதலில் முடிவு செய்துவிட்டு, ஏன் சண்டை போடுகிறார்கள் என்பதைப் பிறகு எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்தில் பந்தக்கால் நட்டபிறகு மாப்பிள்ளை தேடியவர் ஒருவர் உண்டு. அந்தக் கல்யாணத்தில் சாப்பாடு பிரமாதம்.

‘டை ஹார்ட்’ நாயகன் வேடம் முதலில் ஒரு கிழவருக்குப் போனதாக என் நண்பர் அடித்துச் சொல்கிறார். நூறு ரூபாய் பந்தயம். யார் ஜெயித்தது?
– பாளையங்கோட்டை வாசகர்

நூறைக் கொடுத்துவிடுங்கள். அந்தப் படமே ஒரு நாவலிலிருந்து எடுத்தது. ராடரிக் தார்ப் 1979-ல் எழுதிய அந்த நாவல், அவரே 1966-ல் எழுதிய ‘தி டிடெக்டிவ்’ என்ற நாவலின் இரண்டாம் பாகம். முதல் நாவல் 1968-ல் படமானபோது அதில் நடித்தவர் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா. ஒப்பந்தப்படி அடுத்த பாகத்தையும் முதலில் அவரிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. கேட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டார். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அந்த வயதில் கண்ணாடி மேல் வெறுங்காலோடு நடக்க அவருக்கு என்ன தலையெழுத்து?